அந்தப் படத்துல இருக்கிறவங்க பேர் என்ன?

போன இதழ்ல ஒரு பதில்ல, "டாக்குமெண்டரி போட்டோன்னு சொல்லிக்கிட்டு வர்றதுல பாதிக்கு மேல வெறும் சோகப் படம்"னு போற போக்குல எழுதிட்டேன். அதுக்கு வந்த கடுதாசி, மெயில், வாட்ஸப் எல்லாத்தையும் சேத்தா இந்த இதழ் பூரா அதுக்கே சரியா இருக்கு. திட்டினவங்களுக்கும் நன்றி. சினிமா கேள்வி, சமையல் கேள்வி எல்லாம் அடுத்த தடவை பாத்துக்கலாம்.

கேள்வி: "வெறும் சோகப் படம்"னு சொல்லிட்டு நழுவிட்டீங்களே சார், அப்போ எதுதான் டாக்குமெண்டரி போட்டோ? பேப்பர்ல வர்ற நியூஸ் போட்டோவும் இதுவும் வேற வேறயா?
(ஒரு பள்ளிக்கூட வாத்தியார், தேனி)

பதில்: வாத்தியார் கேட்டதால ஒரு வாத்தியார் கதையவே சொல்றேன். லூயிஸ் ஹைன்னு ஒருத்தர், நியூயார்க்ல ஸ்கூல் வாத்தியாரா இருந்தவர், 1908ல அந்த வேலைய விட்டுட்டு குழந்தைத் தொழிலாளர் முறையை எதிர்த்து வேலை பாத்துக்கிட்டிருந்த ஒரு தேசியக் கமிட்டிக்கு போட்டோ எடுக்கப் போயிட்டார். மில்லு, நிலக்கரிச் சுரங்கம், கண்ணாடி பாக்டரி, ராத்திரி தெருவுல பேப்பர் விக்கிற பசங்கன்னு அமெரிக்கா பூரா சுத்தினார். கேமராவோட வந்தா எந்த மில் முதலாளி உள்ள விடுவான்? அதனால பைபிள் விக்க வந்தேன், இன்சூரன்ஸ் ஏஜென்ட்டு, மெஷினை படம் எடுக்க வந்தேன்னு விதவிதமா புளுகிட்டு உள்ள போவார்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அவரோட கோட்டு பட்டன். தரையிலேர்ந்து ஒவ்வொரு பட்டனும் எத்தனை இன்ச் உசரத்துல இருக்குன்னு முன்னாடியே அளந்து வச்சிருப்பார், குழந்தை பக்கத்துல போய் சும்மா நிக்கிற மாதிரி நின்னு தலை எந்த பட்டன் வரைக்கும் வருதுன்னு பாத்துப்பார், கைய கோட்டு பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டே அங்கயே கிறுக்கி வச்சுப்பார். சவுத் கரோலினால லான்காஸ்டர் காட்டன் மில்லுல எடுத்த ஒரு படம் இருக்கு, ரெண்டு பக்கமும் நீளமா ஸ்பின்னிங் மெஷின் வரிசை போகுது, நடுவுல ஒரு சின்னப் பொண்ணு. அதுக்கு ஹைன் எழுதின குறிப்பு: பேர் சேடி பைஃபர், உசரம் 48 இன்ச், அரை வருஷமா வேலை பாக்குறா, இந்த மில்லுல இருக்கிற நிறைய சின்னப் பிள்ளைங்கள்ல ஒருத்தி, நவம்பர் 30, 1908. அவ்ளோதான் குறிப்பு. "பிஞ்சு விரல்கள்", "கருகிய மொட்டு"ன்னு ஒரு எழவும் கிடையாது.

அந்தப் படத்தை மட்டும் பாத்தா நமக்கு பாவமா இருக்கும், சரி. குறிப்போட சேத்துப் பாத்தா மில் முதலாளிக்கு வயித்தைக் கலக்கும். ஏன்னா அவன் "எங்க மில்லுல சின்னப் புள்ளைங்களே கிடையாது, அப்பன் ஆத்தாளுக்கு சோறு கொண்டு வந்த பிள்ளையா இருக்கும்"னுதான் சொல்லுவான், இங்க பேர் இருக்கு, தேதி இருக்கு, இடம் இருக்கு, எத்தனை மாசமா வேலைன்னு இருக்கு. நியூஸ் போட்டோ இன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லும், நல்ல நியூஸ் போட்டோவும் ஒருநாள் சாட்சியா மாறலாம், நான் ரெண்டுக்கும் நடுவுல கோடு கிழிச்சு உக்காரல. ஆனா "அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல"ன்னு நாளைக்கு ஒருத்தன் அடிச்சுச் சொல்லும்போது எடுத்து மேஜையில போட முடியணும், டாக்குமெண்டரி படத்துக்கு நான் வச்சிருக்கிற அளவுகோல் அதுதான். சோகமா இருக்கா, அழகா இருக்கா, லைட்டிங் எப்படிங்கறதெல்லாம் அப்புறம்.

கேள்வி: போட்டோ எடுத்து உலகத்துல எதையாவது மாத்தியிருக்காங்களா? நிஜமா சொல்லுங்கண்ணே, எங்க டிபார்ட்மெண்ட்ல தினமும் இதே சண்டை.
(விஸ்காம் மாணவி, கோவை)

பதில்: சண்டைய நிறுத்தாதீங்க தங்கச்சி, ரெண்டு கட்சிக்கும் பாயிண்ட் தர்றேன்.

மாறுது, ஆனா நீங்க நினைக்கிற வேகத்துல கிடையாது. அதே ஹைன் அந்தக் கமிட்டிக்கு எடுத்த படங்கள் 5,000க்கும் மேல. 1916ல குழந்தைங்களை வேலைக்கு வைக்கிறதுக்கு எதிரா ஒரு சட்டம் வந்துச்சு, 1918ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதுன்னு தள்ளிடுச்சு, கடைசியில ஒழுங்கான சட்டம்னு ஒண்ணு நின்னது 1938ல. கணக்குப் போட்டுப் பாருங்க, 1908ல கேமராவத் தூக்கின மனுஷன், 30 வருஷம். 1940ல கையில காசில்லாம செத்துப்போனார். சட்டம் வந்தது படத்தால மட்டும் இல்ல, யூனியன்காரங்க, வக்கீலுங்க, அந்தக் கமிட்டி ஆளுங்க எல்லாரும் சேந்து இழுத்த தேர் அது, ஹைன் ஒரு வடத்தைப் பிடிச்சிருந்தார்.

அடுத்த கட்சிக்கு பாயிண்ட். "மைக்ரன்ட் மதர்"னு ஒரு படம் உங்க பாடத்துலயே இருக்கும், டோரதியா லாங்கேன்னு ஒரு அமெரிக்க போட்டோகிராபர் 1936 மார்ச்ல கலிபோர்னியா நிப்போமோங்கற ஊர்ல பட்டாணி பறிக்கிற கூலிங்க தங்கியிருந்த கேம்ப்ல எடுத்தது. பனியில பயிர் போச்சு, வேலை இல்ல, கூலி இல்ல, பட்டினி. கன்னத்துல கைய வச்சுக்கிட்டு ஒரு அம்மா எங்கயோ பாக்குது, ரெண்டு பக்கமும் பிள்ளைங்க முகத்தைத் திருப்பிக்கிட்டு தோள்ல சாஞ்சிருக்கு, மடியில ஒரு கைக்குழந்தை. படம் பேப்பர்ல வந்துச்சு, அரசாங்கம் 20,000 பவுண்டு எடைக்கு சாப்பாட்டுச் சாமான் அந்த கேம்ப்புக்கு அனுப்புச்சு. பாத்தீங்களா மாறிடுச்சுல்லன்னு எல்லா புஸ்தகமும் இங்கயே நிறுத்திடும். சாமான் வந்து சேந்தப்போ அந்த அம்மா குடும்பம் அங்க இல்ல, வேலை தேடி வேற ஊருக்குக் கிளம்பிப் போயிட்டாங்க.

அவங்க பேர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன், அப்போ வயசு 32, செரோக்கி பழங்குடிக்காரங்க. அந்தப் பேரே உலகத்துக்கு 1978லதான் தெரிஞ்சுது, ஒரு உள்ளூர் பேப்பர்காரர் மொடெஸ்டோங்கற ஊர்ல அவங்க வீட்டைக் கண்டுபிடிச்சுப் போய்ப் பாத்தப்போ. 42 வருஷம்! உலகத்துலயே அதிகமா அச்சான படங்கள்ல ஒண்ணு, பேர் மட்டும் இல்ல. பேரையும் கேக்கல கதையையும் கேக்கலன்னு லாங்கே தானே பின்னாடி எழுதியிருக்காங்க. தாம்ப்சன் அம்மா சொன்னது என்னன்னா, என் பேரைக் கேக்கல, படத்தை விக்க மாட்டேன்னு சொன்னாங்க, ஒரு காப்பி அனுப்புறேன்னு சொன்னாங்க, அனுப்பவே இல்ல.

லாங்கே கெட்டவங்கன்னு நான் சொல்ல வரல. அவங்க அரசாங்க சம்பளத்துக்கு வேலை பாத்தவங்க, படம் அரசாங்கச் சொத்து, அதுல அவங்களும் காசு பாக்கல. மத்த படங்களுக்கு அவங்க எழுதின கேப்ஷன் எல்லாம் கூலி எவ்வளவு, எந்த ஊர்லேர்ந்து வந்தாங்க, டயருக்கு எவ்வளவு செலவாச்சுங்கற வரைக்கும் அவ்ளோ விவரமா இருக்கும். இந்த ஒரு படத்துல மட்டும் விட்டுப்போச்சு, அந்த ஒரு படம்தான் உலகம் பூரா போச்சு.

கேள்வி: என்ன கேமரா வாங்கலாம்? பட்ஜெட் 60,000.
(ஓசூர்)

பதில்: செகண்ட் ஹேண்ட்ல ஒரு பாடி, ஒரு 35 எம்எம் பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது). மிச்சக் காசுக்கு பஸ் டிக்கெட்டும் நோட்டும். தூரத்துல இருக்கிறதைக் கிட்ட இழுத்துக் காட்டுற டெலி லென்ஸ் வேணாம், தூரத்துல நின்னு எடுத்தா பேர் கேக்க முடியாது.

கேள்வி: பட்டினி கிடக்குற குழந்தைய படம் எடுத்து அவார்டு வாங்குறாங்க. ஒரு வாய் சோறு குடுத்துட்டு அப்புறம் கிளிக் பண்ணா என்ன குறைஞ்சிடும்? எனக்கு இந்த மொத்தத் தொழில் மேலயே கோவம்.
(குடும்பத் தலைவி, அம்பத்தூர்)

பதில்: கோவம் நியாயம்தாம்மா. அந்தக் கோவத்துக்கு நம்ம ஊர்லயே 150 வருஷக் கதை இருக்கு.

தாது வருஷப் பஞ்சம்னு பாட்டிங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க, 1876லேர்ந்து 78 வரைக்கும், மெட்ராஸ் ராஜதானியில லட்சக்கணக்குல செத்தாங்க. அப்போ மெட்ராஸ் குதிரைப்படையில இருந்த ஹூப்பர்னு ஒரு வெள்ளைக்கார ஆபீசர் அந்தப் பஞ்சத்தைப் படம் எடுத்தார். பாத்தா தூக்கம் வராது, எலும்பும் தோலுமா ஆளுங்கள வரிசையா, கல்யாண வீட்டு குரூப் போட்டோ மாதிரி முன்வரிசை பின்வரிசைன்னு உக்கார வச்சு எடுத்தது. அப்போ இருந்த கேமராவுக்கு அசையாம இருக்கணும், உண்மைதான், ஆனா அந்த வரிசைய அடுக்கினது யாரோ ஒருத்தர் கைதானே, எழுந்து நிக்கத் தெம்பில்லாதவங்கள "நீ இப்படி உக்காரு"ன்னு நகத்தி வச்சிருக்காங்க. ஒருத்தர் பேர் கூட இல்ல, எந்த ஊருன்னு இல்ல. இதே ஹூப்பர் 1886ல பர்மாவுல மாண்டலேயில இருந்தப்போ, கைதிங்கள வரிசையா நிறுத்தி சுடுற இடத்துல, குண்டு பாயுற நொடிய படத்துல பிடிக்கறதுக்காக "சுடு"ங்கற உத்தரவ கேமரா ரெடியாகுற வரைக்கும் தாமதப்படுத்தினார்னு புகார் வந்து லண்டன் வரைக்கும் நாறிப்போச்சு, விசாரணை வச்சாங்க. இந்த மாதிரி ஆளை டாக்குமெண்டரி போட்டோகிராபர்னு சொல்ல எனக்கு வாய் வரல.

இன்னொரு பக்கம், அவர் எடுக்கலைன்னா தாது வருஷத்துக்கு நம்மகிட்ட முகமே இருந்திருக்காது, அரசாங்க ரிப்போர்ட்டுல இருக்கிற நம்பர் மட்டும்தான் இருந்திருக்கும். இந்த ரெண்டையும் சேத்தே வச்சுக்கிட்டுதான் அந்தப் படங்களை நான் பாக்குறேன், ஒண்ணு இன்னொண்ணை அடிச்சிடாது.

நீங்க மனசுல வச்சுக் கேட்டது தென்னாப்பிரிக்க போட்டோகிராபர் கெவின் கார்ட்டர் படம்தான்னு நினைக்கிறேன், சூடான், 1993, தரையில குனிஞ்சு கிடக்குற குழந்தை, பின்னாடி கழுகு. நியூயார்க் டைம்ஸ்ல வந்துச்சு, 1994 ஏப்ரல்ல புலிட்சர்ங்கற அமெரிக்கப் பத்திரிகைப் பரிசு, ஜூலையில அவர் தற்கொலை பண்ணிக்கிட்டார், வயசு 33. அவர் கழுகை விரட்டிவிட்டார், குழந்தைய தூக்கல. அந்தப் படத்தை இனிமே பாக்கும்போது குழந்தையோட வலது கை மணிக்கட்டை உத்துப் பாருங்க, ஒரு பிளாஸ்டிக் பட்டை கட்டியிருக்கும். அது ஐநா சாப்பாட்டு மையத்துல பதிஞ்ச பிள்ளைங்களுக்குக் கட்டுறது. அதாவது அந்தக் குழந்தை அனாதையா பாலைவனத்துல விடப்பட்டது கிடையாது, ஏற்கனவே ஒரு லிஸ்ட்ல பேர் இருந்த குழந்தை. 2011ல ஒரு ஸ்பெயின் பத்திரிகைக்காரர் அந்தக் கிராமத்துக்கே போய் விசாரிச்சார், பையன், பேர் கோங் நியோங், அந்தப் பஞ்சத்துல சாகல, பல வருஷம் கழிச்சு காய்ச்சல்ல செத்துப்போனான்னு அப்பா சொல்லியிருக்கார். 18 வருஷமா உலகம் பூரா "பொண்ணு"ன்னே எழுதிக்கிட்டிருந்தாங்க. யோசிக்காம அந்த மனுஷனைத் திட்டின லட்சம் பேர்ல அந்த மணிக்கட்டைப் பாத்தவங்க ரொம்பக் கம்மி.

சோறு கேள்விக்கு என் பதில்: முதல்ல சோறு, சந்தேகமே வேணாம். ஆனா பசிச்சவன் ஒருத்தனா ஆயிரம் பேரான்னு ஒண்ணு இருக்கு, ஆயிரம் பேர் பசிக்கு கேமராக்காரன் பாக்கெட்ல சோறு இருக்காது, அங்க படம் எடுக்குறதுதான் அவனால ஆகுற வேலை.

கேள்வி: இந்த மாதிரிப் படம் எல்லாம் ஏன் கறுப்பு வெள்ளையிலயே இருக்கு? கலர்ல எடுத்தா சோகம் போயிடுமா?
(மன்னார்குடி)

பதில்: முக்கால்வாசி ஸ்டைல்தான், அதுவும் இப்போ கலர்ல எடுத்துட்டு கம்ப்யூட்டர்ல கறுப்பு வெள்ளையா மாத்துறது எனக்கு சுத்தமா பிடிக்கறதில்ல. புடவை என்ன கலர்னு தெரியறதும் ஒரு தகவல்தானே?

ஒரே விஷயத்தை ரெண்டு விதமாவும் பாக்கணும்னா போபால். 1984 டிசம்பர் 2ஆம் தேதி ராத்திரி யூனியன் கார்பைடு பாக்டரியிலேர்ந்து விஷவாயு கசிஞ்சுது, அடுத்தடுத்த நாள்ல ஒரு குழந்தையப் புதைக்கிறாங்க, மண்ணும் கல்லும் மேல, முகம் மட்டும் வெளிய, கண்ணு திறந்திருக்கு. ரகு ராய் கறுப்பு வெள்ளையில எடுத்தார், அதுல மண்ணைத் தள்ளுற ஒரு கை இருக்கும். பாப்லோ பார்த்தலோமியூ கலர்ல எடுத்தார், அது அந்த வருஷத்து வேர்ல்ட் பிரஸ் போட்டோ பரிசு வாங்குச்சு. எனக்கு கலர் படத்தைத்தான் ரொம்ப நேரம் பாக்க முடியல, அந்தக் கண்ணோட நிறம். கறுப்பு வெள்ளையில அது என்னிக்கோ நடந்த மாதிரி ஒரு தூரம் வந்துடுது. அந்தக் குழந்தை யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல, யாரும் எங்க பிள்ளைன்னு வரல, அநேகமா வர்றதுக்கு அந்த வீட்டுல ஆள் மிச்சமில்லாம இருந்திருக்கலாம். சில படத்துக்கு பேர் எழுத முடியாமப் போறதே சாட்சிதான்.

கேள்வி: பிரேசில் போட்டோகிராபர் சால்காடோ படம் எல்லாம் பெயிண்டிங் மாதிரி இருக்கு. கஷ்டத்தை இவ்ளோ அழகா எடுக்கலாமா?
(திருச்சி)

பதில்: எடுக்கலாம். அசிங்கமா எடுத்தா உழைக்கிறவனுக்கு மரியாதையாங்க? பிரேசில்ல செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்துல 1986ல அவர் எடுத்த படத்துல ஆயிரக்கணக்கான பேர் ஏணியில மண்மூட்டையோட ஏறிக்கிட்டிருக்காங்க, உடம்பு பூரா சேறு, மொத்தமா சுமார் 50,000 பேர் வேலை பாத்த பள்ளம் அது. பாத்தா பழைய கோயில் சுவத்துல செதுக்கின மாதிரி இருக்கு, இருக்கட்டும். அவர் பொருளாதாரம் படிச்சவர், எதுக்கு எதை எடுக்குறோம்னு தெளிவாத் தெரிஞ்சவர். 2025 மே மாசம் இறந்துபோனார்.

அமெரிக்க எழுத்தாளர் சூசன் சான்டாக் அவர்மேல வச்ச விமர்சனம் அழகு பத்தினதைவிட ஆழமானதுன்னு எனக்குத் தோணும். பிரபலங்களுக்கு மட்டும் பேர் போட்டுட்டு மத்தவங்கள பேரில்லாம விட்டா அவங்க ஒரு தொழிலுக்கோ ஒரு இனத்துக்கோ ஒரு கஷ்டத்துக்கோ சாம்பிள் பீஸ் ஆயிடறாங்க, அதுதான் அந்தம்மா சொன்னதோட சாரம். இதுக்கு சால்காடோ ரசிகர்கள் (நானும்தான்) இன்னும் சரியான பதில் சொல்லல.

கேள்வி: நான் கடல்பாசி எடுக்குற பொம்பள. காலேஜ் பசங்க, டிவிக்காரவுக, வெள்ளக்காரவுகன்னு கேமராவத் தூக்கிட்டு வாராக, தண்ணிக்குள்ள எறங்கு, திரும்பு, சிரிக்காதங்குறாக. போனா போனதுதான், ஒரு காப்பி தாரதில்ல. எங்க படம் எங்களுக்குச் சொந்தமில்லையா? எடுக்காதன்னு சொல்ல எங்களுக்கு உரிமை இருக்கா இல்லியா? (எம்மக எழுதித் தந்தா.)
(ராமநாதபுரம் மாவட்டம்)

பதில்: இருக்கு அக்கா. "எடுக்காத"ன்னு சொல்லலாம், ஏன்னு விளக்கம் கூட சொல்ல வேண்டியதில்ல. "சிரிக்காத"ன்னு சொல்றவன்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. சட்டப்படி பாத்தா காப்பிரைட்டு பொதுவா கிளிக் பண்ணவனுக்குத்தான் போகுது, 1957 சட்டம் அப்படித்தான் இருக்கு. சட்டத்துக்கு வெளிய என்ன நியாயம்னு ஒரு கதை சொல்றேன், உங்க மகளை வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க.

ஜப்பான்ல மினமாட்டான்னு ஒரு ஊர், உங்க ஊர் மாதிரி கடலை நம்பி இருக்கிறவங்க. சிஸோங்கற கெமிக்கல் கம்பெனி பாதரசக் கழிவ கடல்ல விட்டுச்சு, மீனுக்குள்ள போச்சு, மீனைத் தின்ன ஆளுக்குள்ள போச்சு. கை கால் இழுத்துக்கும், பேச்சு குழறும், கண்ணு போகும். அந்த நோய் அதிகாரப்பூர்வமா பதிவானது 1956ல. அதே வருஷம் பிறந்த பொண்ணு டொமொகோ, அம்மா வயித்துக்குள்ள இருக்கும்போதே விஷம் ஏறிடுச்சு, பாக்க முடியாது, பேச முடியாது, நடக்க முடியாது. அவங்க அம்மா என்ன சொல்லுவாங்கன்னா, என் உடம்புல இருந்த விஷத்தை எல்லாம் இவ வாங்கிக்கிட்டா, அதனாலதான் நானும் இவளுக்கு அப்புறம் பிறந்ததுங்களும் தப்பிச்சோம், இவதான் எங்க வீட்டுச் செல்வம்.

யூஜின் ஸ்மித்னு அமெரிக்க போட்டோகிராபர், அவர் மனைவி ஐலீன், ரெண்டு பேரும் 1971ல அந்த ஊர்லயே போய் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கிட்டாங்க, மூணு வருஷம். கம்பெனி ஆளுங்க 1972 ஜனவரியில அவரை அடிச்ச அடியில கண்பார்வை கெட்டுப்போச்சு. அந்த அம்மா டொமொகோவை தண்ணித் தொட்டியில கையில ஏந்திக் குளிப்பாட்டுற படம் 1971 டிசம்பர்ல எடுத்தது. திருட்டுத்தனமா எடுத்த படம் கிடையாது, வீட்டுக்காரங்க சம்மதிச்சு, தெரிஞ்சு, இந்தக் கொடுமை உலகத்துக்குத் தெரியட்டும்னு நினைச்சு எடுக்கவிட்டது. 1972 ஜூன்ல லைஃப் பத்திரிகையில வந்துச்சு, உலகம் திரும்பிப் பாத்துச்சு.

1977ல டொமொகோ செத்துப்போச்சு, 21 வயசு. அடுத்த வருஷம் ஸ்மித்தும் போயிட்டார். படம் மட்டும் நிக்கல, புஸ்தகம், போஸ்டர், டிவின்னு எங்க பாத்தாலும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. பெத்தவங்களுக்கு ஒரு கட்டத்துல தாங்கல, எங்க பொண்ணு இனிமேலாவது நிம்மதியா இருக்கட்டுமேன்னு தோணிடுச்சு. 1998ல ஐலீன் அந்த ஊருக்குப் போய், காப்பிரைட்டு தன் கையில இருந்தும், இந்தப் படத்தை என்ன பண்ணணும்ங்கற முடிவ உங்ககிட்டயே தர்றேன்னு அந்த அப்பா அம்மாகிட்ட எழுதிக் குடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் பல வருஷம் அந்தப் படம் புதுசா எங்கயும் வரல. பின்னாடி ஒரு சினிமாவுல மறுபடி காட்டினப்போ திரும்பவும் பேச்சு கிளம்புச்சு.

இது சரியா தப்பான்னு போட்டோ உலகத்துல இன்னும் அடிச்சுக்கிறாங்க. சாட்சிய எப்படி வாபஸ் வாங்கலாம், அது இப்போ உலகத்துச் சொத்துல்லன்னு கேக்குறாங்க. நான் ஐலீன் கட்சி. சாட்சி சொன்னது கேமரா மட்டும் இல்ல, அந்தத் தொட்டியில இருந்த ரெண்டு பேரும்தான், 27 வருஷம் சாட்சி சொல்லிக்கிட்டு நின்னவங்க கூண்டை விட்டு இறங்கணும்னு கேட்டா இறக்கிவிடணும்.

உங்க பக்கத்து ஆளா நின்னு எடுக்கிறவங்களும் இருக்காங்கக்கா. மதுரை பழனிகுமார்னு ஒரு தம்பி, அவங்க அம்மா மீன் வித்தவங்க, துப்புரவுத் தொழிலாளிங்க சாவைப் பத்தி வருஷக்கணக்குல எடுத்தவர், பாசி எடுக்குற பொம்பளைங்களையும் எடுத்திருக்கார். பாரின்னு பத்திரிகைக்காரர் சாய்நாத் 2014ல ஆரம்பிச்ச கிராமத்து ஆவணக்காப்பகத்துல வேலை பாக்குறார். அங்க படத்துக்குக் கீழ பேர் போடுறாங்க, என்ன வேலை, எத்தனை மணிக்குக் கிளம்பினாங்க, அன்னிக்கு என்ன கூலின்னு போடுறாங்க. அவர் அந்த சனங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கே கேமரா பிடிக்கச் சொல்லித்தர்றார். உங்க மக நல்லா எழுதுது, அவளையும் அவர்கிட்ட கத்துக்க அனுப்பி வைங்க.

அடுத்த தடவை எவனாவது வந்தா முதல்ல உங்க வாட்ஸப் நம்பரை அவன் போன்ல போட்டு, உங்க கண்ணு முன்னாடியே ஒரு காப்பி அனுப்பச் சொல்லுங்க. 1936ல தபால்ல அனுப்புறேன்னு சொன்ன சாக்கு இப்போ செல்லாது.

கேள்வி: நான் கிளிநொச்சியில இருந்து எழுதுறன் ஐயா. என்ர தம்பின்ர ஒரு படம்தான் எங்களிட்ட இருக்கு, அடையாள அட்டைக்கு ஸ்டூடியோவில எடுத்தது. அதைத்தான் பெருசாக்கி சட்டம் போட்டு அம்மா போராட்டத்தில வச்சிருக்கிறா. நீங்கள் சொல்ற டாக்குமெண்டரிக்குள்ள இப்பிடிப் படம் எல்லாம் வருமோ?
(கிளிநொச்சி)

பதில்: வரும் அம்மா. என் கணக்குல அதுதான் முதல் வரிசை. காணாமல் ஆக்கப்பட்டவங்களோட குடும்பங்கள் 2017 பிப்ரவரியில உங்க ஊர்ல உக்காந்தப்போலேர்ந்து, அந்தத் தாய்மார் மடியில இருக்கிற பாஸ்போர்ட் சைஸ் முகங்களைத்தான் நான் பாத்துக்கிட்டிருக்கேன், அவங்களைச் சுத்தி நின்னு எடுக்கிறவங்க படங்களைவிட. "அப்படி ஒரு ஆளே இல்ல"ன்னு சொல்றதுக்கு எதிரா இருக்கிற ஒரே தாள் அது.

அர்ஜென்டினால விக்டர் பஸ்தெர்ரான்னு ஒரு அச்சுத் தொழிலாளி, 1979ல ராணுவ ஆட்சி அவரைப் பிடிச்சுட்டுப் போய் பியூனஸ் அயர்ஸ்ல கடற்படைப் பள்ளிக்கூடத்துக்குள்ள ரகசியச் சிறையில வச்சுது. பிரின்டிங் தெரிஞ்சவர்னதால சித்திரவதை பண்ற அதிகாரிங்களுக்கே பொய் அடையாள அட்டை தயார் பண்ற வேலைய அவர்கிட்ட குடுத்தாங்க. ஒவ்வொரு போட்டோ பிரின்ட் போடும்போதும் ஒரு காப்பி கூடுதலாப் போட்டு போட்டோ பேப்பர் டப்பாவுக்குள்ளயே ஒளிச்சு வச்சார், லைட் பட்டா பேப்பர் கெட்டுப்போயிடும்னு காவலாளிங்க அந்த டப்பாவத் திறக்க மாட்டாங்க. வீட்டைப் பாத்துட்டு வர அனுமதி குடுத்தப்போ எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா உடம்போட ஒட்டி வெளிய கொண்டுவந்தார். அதிகாரிங்க முகம், உள்ள கிடந்த கைதிங்க முகம் ரெண்டும் அதுல இருந்துச்சு. 1985ல ராணுவத் தலைமைங்க மேல நடந்த விசாரணையில அந்தப் படங்கள் கோர்ட்டுக்குப் போச்சு. எல்லாமே அடையாள அட்டைப் படம் மாதிரி நேரா முகம் பாக்குறது, ஆங்கிள் இல்ல, லைட்டிங் இல்ல.

ஒண்ணு மட்டும் பண்ணுங்க. அந்த ஸ்டூடியோ இன்னும் இருக்கான்னு பாருங்க, பழைய நெகட்டிவ் வச்சிருப்பாங்க. சட்டத்துக்குள்ள இருக்கிற பிரின்ட் வெயில்ல வெளுத்துக்கிட்டே வரும், ஒரிஜினலை நல்ல ஸ்கேனர்ல பெருசா ஸ்கேன் பண்ணி மூணு வெவ்வேற வீட்டுல வைங்க. பின்பக்கம் ஏதாவது முத்திரை, தேதி இருந்தா அதையும் சேத்து ஸ்கேன் பண்ணுங்க.

கேள்வி: ஏஐ வந்துருச்சு, ரெண்டு வரி டைப் பண்ணா பஞ்சம், போர், அழுற குழந்தை எல்லாம் வருது. உங்க டாக்குமெண்டரி போட்டோ எல்லாம் இனி செல்லுபடியாகுமா?
(ஐடி ஊழியர், பெங்களூரு)

பதில்: இதுக்கு முன்னாடி மட்டும் எல்லாம் சுத்தமா இருந்துச்சுன்னு நினைச்சுக்காதீங்க. லாங்கே படத்துலயே கூடாரக் கம்புல பிடிச்சிருந்த ஒரு கட்டை விரல் உறுத்துதுன்னு பின்னாடி நெகட்டிவ்ல மங்கலாக்கியிருக்காங்க. அதைவிடப் பெருசு, 1972 ஜூன் 8 வியட்நாம்ல நாபாம்ங்கற தீக்குண்டுல வெந்து ஓடிவர்ற ஒன்பது வயசு கிம் ஃபுக் படம். 50 வருஷத்துக்கு மேல நிக் உட் எடுத்ததுன்னு சொல்லிக்கிட்டிருந்தோம், ஒரு ஆவணப்படம் வந்து வேற ஒருத்தர் எடுத்ததுன்னு கேள்வி கிளப்பி, 2025 மே மாசம் வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பு எடுத்தவர் பேரை நிறுத்தி வச்சிருச்சு, நிக் உட் வேலை பாத்த ஏபி செய்தி நிறுவனம் பேரை மாத்த போதுமான ஆதாரம் இல்லைன்னு நிக்குது. படம் பொய்னு யாரும் சொல்லல, அதைக் கவனிங்க. ஏன்னா கிம் ஃபுக் இருக்காங்க, பேசுறாங்க, முதுகுல தழும்பு இருக்கு, அந்த ரோட்டுக்கு பேர் இருக்கு, கூட நின்ன மத்த கேமராக்காரங்க எடுத்த பிலிம் இருக்கு.

ஏஐ படத்துக்கு அந்தப் பின்னாடி கதை கிடையாது, அந்தக் குழந்தை எந்த ஸ்கூல்ல படிச்சுதுன்னு போய் விசாரிக்க ஊர் கிடையாது. அதனால இனிமே தனிப்படம் பிழைக்கிறது கஷ்டம், விசாரிச்சா விலாசம் சொல்ற படம் பிழைக்கும். வெறும் உணர்ச்சிக்காக எடுத்துக்கிட்டிருந்தவங்க பிழைப்பை ஏஐ எடுத்துக்கும், அதுல எனக்கு பெருசா வருத்தம் இல்ல.

கேள்வி: அண்ணே எங்க ஊர்ல பெருசா ஒண்ணும் இல்ல, பஞ்சமும் இல்ல போரும் இல்ல. நான் எதை எடுக்குறது?
(பிளஸ் டூ மாணவன், சங்ககிரி)

பதில்: லாரி இருக்கேடா தம்பி உங்க ஊர்ல! பாடி கட்டுற பட்டறை, டிங்கர், பெயிண்டர், டயருக்கு ரீட்ரெட் போடுறவர், ராத்திரி டிரைவர் கிளம்பும்போது வாசல்ல நிக்கிற வீட்டுக்காரங்க. ஒரே பட்டறைய பிடி, வாராவாரம் போ. முதல் மாசம் கேமராவே எடுக்க வேணாம், டீ வாங்கிக் குடுத்துட்டு கதை கேளு. எடுக்க ஆரம்பிச்சா ஒவ்வொரு படத்துக்கும் அன்னிக்கு ராத்திரியே எழுதி வை: பேர், வயசு, சொந்த ஊரு, எத்தனை வருஷமா இந்த வேலை, இன்னிக்கு கூலி எவ்வளவு, எடுத்த தேதி. மறுநாள் எழுதிக்கலாம்னு விட்டா பாதி மறந்துடும். ஒருத்தர் வேணாம்னு சொன்னா அவரை விட்டுடு, ஆனா அவருக்கும் டீ உண்டு. பிரின்ட் போட கடைக்குக் குடுக்கும்போது ரெண்டு செட்டாப் போடு, ஒண்ணு பட்டறைக்கு. அவங்க முதல்ல பாத்துட்டு "இது என்னடா வெல்டிங் கண்ணாடி போடாம நிக்கிறப்ப எடுத்திருக்க"ன்னு சண்டைக்கு வருவாங்க பாரு, அந்தச் சண்டையையும் எழுதி வச்சுக்கோ.

அடுத்த இதழ்ல: கல்யாண ஆல்பம் ஏன் இவ்ளோ வெயிட்டா இருக்குன்னு மூணு பேர் ஒரே மாதிரி கேட்டிருக்காங்க, அதுக்கும், விட்டுப்போன சமையல் கேள்விக்கும் பதில். பேர் போட வேணாம்னா கடுதாசியிலயே சொல்லிடுங்க.